எதிராளி இல்லாத சாம்பியன்

சபைகள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் கிடையாது. நாலு பேர் சேர்ந்து மேடை போட்டு, நாற்காலி வாடகைக்கு எடுத்து, ஒருவர் கழுத்தில் இன்னொருவர் மாலையைப் போட்டு, "தாங்களல்லவோ தேசத்தின் பொக்கிஷம்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. பூக்காரிக்கு லாபம்கூட. என் எரிச்சலெல்லாம் ஒரே ஒரு சபையின் மேல்தான். அது செந்தில்வேலைச் சாம்பியன் ஆக்கிய சபை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆகஸ்டுக் கலவரம் அடங்கிய கையோடு, தூத்துக்குடியில் யாரும் பொது இடத்தில் கம்பும் கையுமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் உத்தரவு வந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கொஞ்ச நாள் வெறுங்கையோடு ஆட்டுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சிலம்பம் விளையாடுகிறவர்கள் கம்பைப் பரணில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பஞ்சு வியாபாரி ராவ்சாகிப் ஆறுமுகநயினாருக்குச் சிலம்பத்தின் மேல் இரக்கம் பிறந்தது. வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியைத் தவிர வேறு கம்பை அவர் தொட்டதில்லை. ஆனாலும் மேலிடத்தில் பேசி, 'தென்கரைச் சிலம்ப அபிவிருத்தி சபை' என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். சபையில் பதிந்துகொண்டு, சபை தருகிற பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டவன் மட்டும், சபையின் விதிப்படி, சபையின் மைதானத்தில் கம்பு எடுக்கலாம். மற்றவன் எடுத்தால் லாக்கப். ராவ்சாகிப் அக்கிராசனர் ஆனார். காரியதரிசி, வக்கீல் வரதாச்சாரி. ஆழ்வார்திருநகரியிலிருந்து வக்கீல் தொழிலுக்கென்று வந்தவர். கேஸ் வராத நாட்களில் விதிகள் எழுதினார். அவருக்குக் கேஸ் வந்த நாட்கள் குறைவு.

செந்தில்வேல் தூத்துக்குடிக்கு அடுத்தாற்போல் இருக்கும் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். தாய் தகப்பன் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால், மூட்டைகள் அடுக்கி வைக்கும் ஒரு கருப்பட்டிக் கிட்டங்கியில் எடை போடும் வேலை, ராத்தங்கலும் அங்கேயேதான். முதலாளியிடம் "சரி அண்ணாச்சி", வண்டிக்காரனிடம் "பைய இறக்கும்" என்ற அளவில் அவன் பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் உப்பளத்துக்கு அப்பால் மணல்வெளிக்குப் போவான். அங்கே ஜேசுபாதம் வருவான்.

ஜேசுபாதம் சங்கு குளிக்கிறவன். வருஷக்கணக்காக ஆழத்துக்கு முங்கி முங்கி அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவனிடம் எதைச் சொன்னாலும் உப்பளத்துக் கூலிகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் இருவரும் பேசுவதில்லை, கம்பால் அடித்துக்கொள்வார்கள். ஒருவன் வீச, மற்றவன் தடுக்க, இருட்டும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு ஜேசுபாதத்தின் மனைவி ரோஸ் கொடுத்துவிட்ட வறுத்த நெத்திலியைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு பிரிவார்கள். செந்தில்வேலுக்கு இந்த உலகத்தில் இருந்த துணை அது ஒன்றுதான். அது போனால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

போலீஸ் உத்தரவுக்குப் பிறகு அந்த மணலும் ஆகாது என்றாயிற்று. இரண்டொரு வாரம் வெறுங்கையோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஜேசுபாதம்தான் வழி சொன்னான்.

"ஏலே, பித்தளைத் துண்டைக் குத்திக்கிட்டா வெளையாட விடுதானாம். குத்திக்கிட்டுப் போவோம். நமக்கென்ன."

இருவரும் ஒரே நாளில் பதிந்துகொண்டார்கள்.

முதலாம் வருஷப் பந்தயம் ராவ்சாகிபின் பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நடந்தது. பந்தல், தோரணம், நாயனம். ஊரே திரண்டு நின்றது. பந்தயத்துக்கு முன் வரதாச்சாரி எழுந்து விதிகளை வாசித்தார். சிலம்பத்தில் இதுவரை அநியாயம் தலைவிரித்தாடியது என்றார். கடலில் பிழைக்கிறவனும் கரையில் பிழைக்கிறவனும் ஒரே களத்தில் நின்றால் அது சமமாகுமா? கடல்காரனுக்குத் தரை ஆடிப் பழக்கம். கரைக்காரனுக்குத் தரை ஆடாமல் பழக்கம். ஆகவே இரண்டு வகுப்பு. அதற்குள் கனத்தவர், மெலிந்தவர். அதற்குள் வலக்கைக்காரர், இடக்கைக்காரர். அதற்குள் கம்பு காதுவரை வருகிறவர், புருவம்வரை வருகிறவர். வாசிக்க வாசிக்க, மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கட்டங்கள் போட்டுக்கொண்டே போனார்கள். முடிவில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொருவன் நின்றான்.

நடுவர் கட்டம் கட்டமாக வந்தார்.

"இந்த வகுப்புல எதிராளி உண்டா?"

"இல்லய்யா."

"அப்பம் நீதான் சாம்பியன். அடுத்தாளு."

செந்தில்வேல், கரை வகுப்பு, கனத்தவர், வலக்கை, புருவக்கம்பு என்ற கட்டத்தில் நின்றான். நாலு கட்டம் தள்ளி, கடல் வகுப்பு, மெலிந்தவர் கட்டத்தில் ஜேசுபாதம். காது கேட்காததால் என்ன நடக்கிறதென்று அவனுக்குப் புரியவில்லை. கம்பைச் சுழற்றி 'எப்பம்?' என்று கேட்டான். செந்தில்வேல் கையை விரித்தான்.

அக்கிராசனர் அன்று பேசியதை நான் கேட்டேன். "மகாஜனங்களே, இந்த ஊரில் எத்தனையோ பேர் சிலம்பப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். மண்டை உடைந்தது, பல் உடைந்தது, தோற்றவன் மனம் உடைந்தது. நமது சபையில் இன்று ஒருவனாவது தோற்றானா? இல்லை. ஒரு சொட்டு ரத்தம்? இல்லை. ஒரு கம்பில் கீறல் உண்டா? வந்து பார்த்துக்கொள்ளலாம். பந்தயத்தில் இருந்த ஒரே குறை அதில் நடந்த சண்டைதான். அதை நாம் நீக்கிவிட்டோம்." கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இராது.

மெடலோடு கிட்டங்கிக்கு வந்த செந்தில்வேலுக்கு முதலாளி காப்பி வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஜேசுபாதத்தோடு சபை மைதானத்துக்குப் போனான். சபைச் சேவகன் அருமைநாயகம் வாசலிலேயே மறித்தான்.

"சேந்து வரப்பிடாது. வகுப்பு வேற வேறல்லா. ஒருத்தர் போன பொறவுதான் ஒருத்தர்."

"அப்பம் யாரு கூட வெளையாட?"

"வெளையாடணும்னு எங்க எழுதியிருக்கு? உள்ள நின்னு கம்பு சுத்திக்கிடுங்க."

செந்தில்வேல் வரதாச்சாரியின் வீட்டுக்குப் போனான். வக்கீல் ஊஞ்சலில் உட்கார்ந்து புது விதி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தவனை உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"ஐயா, எனக்கு மெடல் வேண்டாம். ஜேசுபாதம்கூட ஒரு ஆட்டம் ஆட விட்டாப் போதும்."

"நன்னாக் கேட்டுக்கோ. நீ சாம்பியன். வகுப்பு மாறி ஆடினா ரெண்டு பேரோட வில்லையும் ரத்து. வில்லை இல்லாம கம்பைத் தொட்டா போலீஸ் கேஸ். உனக்குப் பரவாயில்லை, தனிக்கட்டை. அவனுக்குக் கேஸ் வந்தா சங்கு குளிக்கற பெர்மிட் போயிடும். அவா ஆத்துல அடுப்பு எரியணுமோல்லியோ?"

"பேசலாமா ஐயா?"

"பேசலாம். ஆனா ரெண்டு சாம்பியன் கூடிப் பேசினா, பந்தயத்தை முன்கூட்டியே பேசி முடிச்சுட்டான்னு ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் வராம நடந்துக்கறது உத்தமம்."

"பந்தயமே இல்லையே ஐயா."

"அதனாலதான் சந்தேகம் ஜாஸ்தியாறது" என்றார் வக்கீல், உண்மையான வருத்தத்தோடு.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் செந்தில்வேல், ஜேசுபாதத்தின் பெர்மிட்டுக்குப் பயந்து அவன் கண்ணில்கூடப் படாமல், கிட்டங்கியிலேயே கிடந்தான். கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எறும்பு போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் அவனைக் கண்டவர்கள் "என்ன சாம்பியன்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்கள். முன்பு அவனைத் தெரியாதவர்கள் பேசாமல் இருந்தார்கள். இப்போது தெரிந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள். மற்ற சாம்பியன்கள் சலித்துப்போய் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவனால் போக முடியவில்லை. வில்லையைக் கொடுத்துவிட்டால் ஜேசுபாதத்தோடு நிற்கும் வாசலே அடைபட்டுப் போகும். இரும்புக் கதவாக இருந்தாலும் வாசல் வாசல்தானே என்று இருந்தான்.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஜேசுபாதத்தின் கட்டத்துக்குத் தானே போய்விடுவது. ஒரு தோணிக்காரரைக் கெஞ்சி, ராத்திரிக் காவலுக்குத் தோணியில் படுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினான். கடலில் பிழைக்கிறவன் என்று ஆகிவிட்டது. பிறகு உடம்பைக் குறைத்தான். காலையில் நீச்சத்தண்ணி, மத்தியானம் பாதிச் சோறு, ராத்திரி ஒன்றும் இல்லை. பொங்குகிற கருப்பட்டி வாசனையில் இருந்துகொண்டு பட்டினி கிடப்பது லேசான காரியமில்லை. வருஷக் கடைசியில் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

இரண்டாம் வருஷப் பந்தயத்தில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் ஆட்களை ஏற்றினார்கள். செந்தில்வேல் கடல் வகுப்பு, மெலிந்தவர். அவன் சந்தோஷமாகக் கட்டத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தான். தராசில் ஜேசுபாதம் ஏறிக்கொண்டிருந்தான். கன்னம் உப்பி, வயிறு தள்ளி, கழுத்து இருந்த இடம் தெரியவில்லை. செந்தில்வேலின் வகுப்புக்கு வருவதற்காக அவன் ஒரு வருஷமாக மூன்று வேளையும் நாலு வேளையும் தின்று கனத்திருக்கிறான். கடல், கரை என்ற பிரிவு அவன் காதில் விழவில்லை, கனம் மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. கடல் வகுப்பு, கனத்தவர் கட்டத்துக்குப் போய் நின்றவன் செந்தில்வேலைத் தேடினான். கண்டதும் வாயைப் பிளந்தான். இருவரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த வருஷத்தில் செந்தில்வேல் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கிராசனர் இருவரையும் மேடைக்கு அழைத்தார். "இரண்டு வகுப்பில் பட்டம் வென்ற வீரர்கள் இந்த ஜில்லாவிலேயே இவர்கள்தான். வகுப்பு மாறினாலும் வெற்றி மாறவில்லை பாருங்கள்" என்று மாலை போட்டார்.

அப்போதும் அருமைநாயகம் இருவருக்கும் நடுவில் காவலாக நின்றதால், அடுத்த வருஷம் யார் மாறுவது, யார் அப்படியே இருப்பது என்று அவர்களால் பேசிக்கொள்ள முடியவில்லை. செந்தில்வேல் கையால் தன் நெஞ்சைத் தட்டி, 'நான் வாரேன், நீ அங்கனயே இரு' என்று ஜாடை காட்டினான். ஜேசுபாதம் தலையை ஆட்டினான். அன்று முதல் செந்தில்வேல் தின்னத் தொடங்கினான்.

ஆனால் வரதாச்சாரிக்கு மறுபடியும் கேஸ் இல்லாத காலம் வந்தது. குடும்பஸ்தர், தனியாள் என்று இன்னொரு பிரிவு முளைத்தது. வீட்டில் காத்திருக்கிறவர்கள் உள்ளவன் தயங்கித் தயங்கி அடிப்பான். யாரும் இல்லாதவன் துணிந்து அடிப்பான். இது சமமா என்று கேட்டார். செந்தில்வேல் இதைக் கேட்டு ஒரு நாள் முழுவதும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பிறகு முதலாளியிடம் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னான். முதலாளிக்குப் பரம சந்தோஷம். புதுக்கோட்டையில் சந்தனமாரி என்று ஒரு பெண். பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். போய்ப் பார்த்தார்கள். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பெண்ணின் தகப்பனார் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தன நாளு இல்லாம இப்பம் என்ன மாப்ள திடீர்னு?"

செந்தில்வேலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒரு ஆளுகூடச் சிலம்பம் வெளையாடணும் மாமா. அதுக்குக் கலியாணம் ஆயிருக்கணும்ன்னு சொல்லுதாவ."

"வெளையாடி முடிச்ச பொறவு?"

"அத இன்னும் யோசிக்கல."

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு பெண் உள்ளே போய்விட்டாள். மூன்றாம் வருஷமும் அவன் தனியாள் கட்டத்தில் நின்று ஜெயித்தான்.

யுத்தம் முடிந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய துரை ஊரைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சபையைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எனக்கு ஒரு சண்டையைக் காட்டுங்கள்" என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டார். ராவ்சாகிபுக்கு வேர்த்துப்போயிற்று. சபையில் சண்டை எப்படி நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருந்த சாம்பியன்களே இரண்டு பேர்தான். ஒரே ராத்திரியில் வரதாச்சாரி 'விசேஷ வகுப்பு' என்று ஒன்றை உண்டாக்கினார். செந்தில்வேலைக் கூப்பிட்டனுப்பினார்.

"உனக்கு எதிராளி சாங்ஷன் ஆயிருக்குடா. அந்தச் சங்குக்காரன்தான். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை."

செந்தில்வேல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. அன்று கிட்டங்கிக்குத் திரும்புகிற வழியில் தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் தானாகப் போய்ப் பேசினான். என்னிடமும் பேசினான். "ஆடப் போறோம் அண்ணாச்சி, வந்து பாருங்க" என்றான். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சங்கு குளிக்கப் போன ஜேசுபாதம் திரும்பவில்லை. முங்கினவன் கயிற்றை அசைக்கவில்லை என்று மேலே இழுத்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் செந்தில்வேல் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றான். ரோஸ்தான் அவனிடம் வந்தாள்.

"ஒடம்பு கனத்த பொறவு மூச்சு முந்தி மாதிரி நிக்கலன்னாவ அண்ணே. கொறைங்கன்னு சொன்னேன். அங்கனயே இருன்னு செந்திலு சொல்லியிருக்கான், எப்பிடிக் கொறைக்கன்னு கேட்டாவ."

அவன் நேராக வரதாச்சாரியிடம் போனான்.

"ஐயா, ஜேசுபாதம் செத்துட்டான்."

வக்கீல் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன் என்றார். பிறகு விதிகளைப் புரட்டினார். "வர முடியாததுக்குக் காரணம் ஜுரம், அம்மை, கோர்ட் சம்மன் இதுகள்தான் ரூல்ஸ்ல இருக்கு. மரணம் இல்லை. சேர்க்கணும்னா மகாசபை கூட்டணும். துரையோ சனிக்கிழமை வந்துடறார்."

"அவன் பேரக் கூப்பிடாதீய ஐயா."

"கூப்பிடாம நீ ஜெயிச்சதா எப்படி டிக்ளேர் பண்றது?"

சனிக்கிழமை துரை வந்தார். பந்தல் நிறைந்திருந்தது. இறந்தவனின் வில்லையை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று அருமைநாயகம் சொல்லிவிட்டு வந்திருந்ததால், ரோஸும் முக்காடு போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றாள். செந்தில்வேல் களத்தில் இறங்கினான். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. அருமைநாயகம் மூன்று தடவை கூப்பிட்டான்: "ஜேசுபாதம்! ஜேசுபாதம்! ஜேசுபாதம்!" மூன்றாவது தடவை அவன் குரலும் இறங்கிவிட்டது.

நடுவர் கையை உயர்த்தப் போனார். அதற்குள் செந்தில்வேல் எதிராளிக்கு வணக்கமாகச் சலாம் வரிசை போட்டு ஆடத் தொடங்கினான். எதிரில் ஆள் இருப்பது போலவே வீசினான், தடுத்தான், பின்வாங்கினான், குனிந்தான். துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆடிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நின்று, இடது தோளைத் தொட்டுக்காட்டி, கம்பைத் தரையில் வைத்தான்.

எங்கள் பக்கத்துச் சிலம்பத்தில், அடி பட்டதென்று அடித்தவன் சொல்லக் கூடாது. வாங்கினவன்தான் சொல்ல வேண்டும். வரதாச்சாரி எத்தனையோ விதிகள் எழுதினார். இதை எழுதவும் இல்லை, அடித்து நீக்கவும் இல்லை.

"தொட்டுட்டான்" என்றான் செந்தில்வேல். "நான் தோத்துட்டேன்."

வரதாச்சாரி களத்துக்கு இறங்கி வந்தார்.

"யார்றா தொட்டா? எதிராளியே இல்லையே."

"மூணு வருசமா எதிராளி இல்லாமத்தான ஐயா ஜெயிச்சேன். அப்பம் யாரும் கேக்கலயே. இப்பம் அதே மாதிரி தோத்திருக்கேன்."

வக்கீல் யோசித்தார். அவர் நேர்மையானவர், வாதத்தில் ஓட்டை இல்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. அக்கிராசனரின் காதில் ஏதோ சொன்னார். அக்கிராசனர் எழுந்து, இந்த வருஷ சாம்பியன் ஜேசுபாதம் என்று அறிவித்தார். எல்லாம் காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துத் துரை பலமாகக் கைதட்டினார். மெடலை ரோஸின் கையில் கொடுத்து, வில்லையை வாங்கிக்கொண்டார்கள்.

"இத வச்சு நான் என்ன செய்ய அண்ணே?"

"வச்சுக்கம்மா தங்கச்சி. அவன் ஜெயிச்சது" என்றான் செந்தில்வேல்.

கூட்டம் கலையத் தொடங்கியது. வரதாச்சாரி அவனருகில் வந்து தோளில் கை வைத்தார். அவருக்கு நிஜமாகவே மனம் இளகியிருந்தது.

"பட்டம் போனா போறதுடா. தோத்தவனுக்கு வகுப்புக் கட்டுப்பாடு கிடையாது, பாத்துட்டேன். இனிமே நீ யார்கூட வேணா ஆடலாம். சபைக்கு அப்ஜக்ஷன் இல்லை."

செந்தில்வேல் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"யாருகூட ஐயா?"

மேடையில் வந்தனோபசாரம் சொல்லக் காரியதரிசியைக் கூப்பிட்டார்கள். வரதாச்சாரி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு படியேறினார்.